தராசுக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. விடிந்ததிலிருந்து ஷெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். டிராக்டர், பிக்கப், செயின்சா, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் குளியல் ஆயிற்று. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் வடக்கே, கரும்புக் காட்டுக்கு நடுவில், கோபிச்செட்டிபாளையத்துக்காரன் ஒருவன் டிராக்டருக்கு வாழைக்கன்று கட்டுவதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டெஸ் பார்த்தான். பக்கத்துப் பண்ணைக்காரன். வருடா வருடம் பார்க்கிறான், இன்னும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தோட்டா செய்யும் மேசைக்கும் பூஜை உண்டு. கோகிலாவுக்கு இது பிடிக்காது.

“ஏனுங்க, குண்டு பண்ற சாமானுக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?”

“ஆயுத பூஜைன்னா பின்ன எதுக்கு வெக்கறதாம்? உன்ற தோசைக்கல்லுக்கு மட்டுமா?”

சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த மேசையை அவள் தொடமாட்டாள். யாரும் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

காட்டுப் பன்றி இந்த வருடம் கரும்பில் பாதியைத் தின்றுவிட்டது. கடைத் தோட்டாவுக்கு நெடுந்தூரம் போக வேண்டும், விலையும் யானை விலை. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, அடியில் தீப்பொறி தரும் புது ப்ரைமர் செருகி, வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, மேலே குண்டை அழுத்தி நானே செய்துகொள்கிறேன். லைசென்ஸ் இருக்கிறது. என் தோட்டா மாதிரி கடைத் தோட்டா நேராகப் போகாது. நான் சொல்லவில்லை, டெஸ் சொல்கிறான், கதிரும் சொல்கிறான். கதிர் கோகிலாவின் தம்பி. கரும்பு லாரி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பன்றிக்கு என்னோடு வந்துவிடுவான். மருந்தைப் பொறுத்தவரை நான் கஞ்சன் இல்லை. புத்தகத்தில் உச்சம் என்று போட்ட அளவு வரை போவேன், அதற்கு மேல் ஒரு துளி போகமாட்டேன்.

கூடு அழுத்துகிற பிரஸ்ஸுக்கு ஒரு பொட்டு, மருந்து கொட்டுகிற அளவிக்கு ஒன்று, தராசுத் தட்டின் வெளிப்பக்கம் ஒன்று. கோகிலா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்திருந்தாள், கட்டைவிரலால் தாராளமாக அப்பினேன். மேலே குங்குமம். தராசைச் சரிபார்க்கும் எடைக்கல் பெட்டியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. இன்று தொட்ட வேலை வருடம் முழுக்க விளங்கும் என்பார்கள். அதனால் காலையிலேயே மேசைக்கு வந்துவிட்டேன்.

கோகிலா முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட். அவள் வந்து மறுபூஜை செய்து தீபாராதனை காட்டும் வரை படத்துக்கு முன் வைத்ததை எடுக்கக்கூடாது. எடைக்கல்லும் அங்கேதான் இருக்கிறது. முள் நடுவுக்கு வரும்படி தராசின் திருகைத் திருகிக்கொண்டேன். தினமும் பார்ப்பதை ஒரு நாள் பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

ஊரிலிருந்து அண்ணன் போன். ‘வேலை நேரத்தில் பேச்சு கூடாது’ என்று கதிருக்காக நானே எழுதி ஒட்டிய அட்டைக்குக் கீழே போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீர் தகராறு அண்ணன் வாயில் மகாபாரதம் மாதிரி நீண்டது.

முதல் பெட்டி வெண்ணெய் மாதிரிப் போயிற்று. காபி குடித்து வந்து இரண்டாவதை ஆரம்பித்தபோது, அளவியிலிருந்து மருந்து குறைவாக விழுவதாகத் தராசு காட்டியது. புழுக்கம், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அளவியைச் சற்றுக் கூட்டி வைத்தேன். சரியாகிவிட்டது.

முதல் பெட்டி எனக்கு. இரண்டாவதைக் கதிருக்கும் டெஸ்ஸுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். டெஸ் ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

கதிருக்கு அடிபட்டுவிட்டது. வலது கண்.

அக்டோபர் 14, திங்கள்

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். கோகிலா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். சிற்றோடைக்கு அந்தப் பக்கம் பன்றிக் கூட்டம் நின்றது. கதிர் ஓடையைத் தாண்டிப் போனான். நான் இந்தக் கரையில் நின்றேன். முதல் சத்தமே வேறு மாதிரி இருந்தது, காதுக்குத் தெரிந்தது. இரண்டாவதில் அவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தோட்டாவின் அடியிலிருந்த ப்ரைமர் பிய்த்துக்கொண்டு, நெருப்பும் பித்தளைத் தூளும் பின்பக்கமாக அவன் முகத்தில் அடித்திருக்கிறது. துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட் இறுகிப்போய் இன்னும் திறக்கவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அவன் போட்டிருக்கவில்லை. நானும் போடுவதில்லை, வியர்வையில் வழுக்கும்.

வழியெல்லாம் அவன் கத்தவில்லை. “மச்சான், லாரி சாவி என்ற பையிலதான் இருக்குது, யார்கிட்டயாச்சும் குடுத்துருங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சட்டைப் பையில் மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குள் அதெல்லாம் கூடாது, அதனால்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

போலீஸ் சார்ஜென்ட் வீட்டுக்கு வந்தார். மரியாதையான ஆள். யார் செய்த தோட்டா என்றார். நான் செய்தது என்றேன். இதுவரை ஏதாவது கோளாறு உண்டா என்றார். ஒரு நாளும் இல்லை என்றேன். அது உண்மை.

ஓடையைத் தாண்டும்போது துப்பாக்கிக் குழலுக்குள் சேறு புகுந்திருக்கலாம் என்றேன். அப்படி அடைத்துக்கொண்டாலும் இப்படி நடக்கும். அவர் எழுதிக்கொண்டார்.

மிச்சத் தோட்டாவைக் கேட்டார். அலமாரியைத் திறந்து என் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் ஒரே கை, ஒரே நாள், ஒரே மருந்து. எதைக் கொடுத்தால் என்ன?

அக்டோபர் 16, புதன்

கண்ணைக் காப்பாற்ற முடியாதாம். நாளை எடுத்துவிடுவார்கள். டாக்டர் கோகிலாவிடம் சொன்னார், அவள்தான் தம்பியிடம் சொன்னாள். நான் வராந்தாவில் நின்றேன்.

ஒற்றைக் கண்ணுக்குக் கனரக லாரி லைசென்ஸ் இங்கே சாமானியமாகக் கொடுக்கமாட்டார்கள். அதைக் கதிர் கேட்கவே இல்லை. நான் உள்ளே போனதும் கையை நீட்டித் தேடினான்.

“மச்சான், நீங்க குடுத்த துப்பாக்கிய வீணாக்கிப்போட்டனுங்க.”

அது நான் வைத்திருந்த ரைஃபிள். போன வருடம்தான் அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

“அத உடு மாப்ள.”

“கொழாய்க்குள்ள சேறு போயிருக்கும்னு போலீஸ்கிட்டச் சொன்னீங்களாமா. நான் ஓடையத் தாண்டுனதும் பாத்த மாதிரிதான் இருக்குது. செரியாப் பாக்கலையாட்ட இருக்குது. என்ற தப்புதானுங்க.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

அக்டோபர் 18, வெள்ளி

தண்ணீர் பாய்ச்சினேன். பன்றி மறுபடி வந்திருக்கிறது. போகட்டும்.

சாப்பிடும்போது கோகிலா கேட்டாள்.

“ஏனுங்க, விஜயதசமியன்னிக்கு அந்த எடைக்கல்லு சாமி முன்னாலதான இருந்துச்சு. நான் வந்து தீவாரணை காட்டித்தான எடுத்தேன். நீங்க எத வெச்சுத் தராசப் பாத்தீங்க?”

“உனக்குத் தராசப் பத்தி என்ன தெரியும்?”

“தெரியாமத்தான் கேக்கறேன்.”

“அன்னிக்குச் சாயங்காலம் ஷெட்டக் கூட்டுனயே, எதெதத் தொட்டு எங்கெங்க நகத்தி வெச்சயோ!”

“நான் கீழதான் கூட்டுனேன். உங்க மேசைய என்னிக்குத் தொட்டிருக்கறேன்?”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இவளும் இவள் கேள்வியும். தம்பி படுத்திருக்கிறான், இவள் எடைக்கல்லைப் பற்றிப் பேசுகிறாள். அதோடு, அவள் கூட்டியது தோட்டா செய்து முடித்த பிறகுதான். அது எனக்குத் தெரியும். ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வலது பக்கம் வைத்த தம்ளரைக் கதிர் இரண்டு முறை தட்டிவிட்டான். பழகிக்கொள்வேன் என்கிறான்.

அக்டோபர் 21, திங்கள்

டெஸ் வந்து கதிரைப் பற்றி விசாரித்தான். பாவம் பையன் என்று தொப்பியைக் கழற்றினான். அவன் டிராக்டர் பழுதாகி, நான் கொடுத்த தோட்டாவைத் தொடவே நேரமில்லையாம். சனிக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து மகள் வருகிறாள், சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு பன்றிக்குப் போகப்போகிறானாம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இதில் ஆசை என்றான்.

என் தோட்டாவில் பயம் ஏதும் இல்லையே என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. என்னை நம்புகிறான்.

அக்டோபர் 23, புதன்

சார்ஜென்ட் போன் செய்தார். நான் கொடுத்த தோட்டாக்களைப் பிரித்து எடைபோட்டார்களாம். மருந்து புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. குழலில் அடைப்பு என்றே எழுதி முடிக்கப்போகிறார்கள்.

கோகிலாவிடம் சொன்னேன். “கேட்டுக்க, அவுங்களே சொல்லிப்போட்டாங்க.”

“எந்தப் பெட்டியக் குடுத்தீங்க?” என்றாள்.

அக்டோபர் 24, வியாழன்

டெஸ்ஸிடம் போய்த் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பான். வேறு குண்டு மாற்றித் தருகிறேன் என்று ஏதாவது சொல்லலாம். கதிருக்கு இப்படி ஆகியிருக்கும்போது திருப்பிக் கேட்டால் எந்த முட்டாளுக்கும் புரியும். டெஸ் முட்டாள் இல்லை. அப்புறம் சார்ஜென்ட், லைசென்ஸ், கோர்ட்டு. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கதிர் முகத்தில் எப்படி முழிப்பது? பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

மேசைக்குப் போனேன். பூஜையன்று வைத்த பொட்டுகள் பிரஸ்ஸிலும் அளவியிலும் அப்படியே காய்ந்து வெடித்து நிற்கின்றன. தராசுத் தட்டில் இல்லை. சந்தனக் கறை மட்டும் வட்டமாக இருக்கிறது.

எடைக்கல்லைத் தட்டில் வைத்தேன். குறைத்துக் காட்டியது.

திருகைத் திருகி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இப்போது சரியாகக் காட்டுகிறது. நிமிர்ந்தபோது ஷெட் வாசலில் கோகிலா துணிக்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. துணி காயப்போடப் போய்விட்டாள்.

அக்டோபர் 26, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இன்று கதிரை அனுப்புகிறார்கள், அழைத்து வரவேண்டும். கிளம்பும்போது கோகிலா பிக்கப்பின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“டெஸ் ஊட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டுப் போங்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு என்றகிட்டக் கேக்கறீங்களா?”

“அவன் சாயங்காலந்தான் போவான். வந்து பாத்துக்கலாம்.”

அவள் கையை எடுத்துவிட்டாள். டெஸ் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனேன். வாசலில் புது கார் நின்றது, மகள் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டேன். அங்கே போய்ப் பார்த்தால் கதிரின் மருந்துச் சீட்டே தயாராகவில்லை, உட்கார்ந்துதான் கிடந்தேன்.

திரும்பி வரும்போது கதிர் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கண் என் பக்கம். அவனால் என்னைப் பார்க்க முடியாது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்படி ஒரு ஆறுதல் தேடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பாதி வழியில் சொன்னான். “மச்சான், படுத்துக்கிட்டே நெனச்சு நெனச்சுப் பாத்தனுங்க. ஓடையத் தாண்டி, அந்தப் பேப்பர்பார்க் மரத்துக்கிட்ட நின்னு, போல்ட்டக் கழட்டி, கொழாய ஆகாசத்துக்குக் காட்டிப் பாத்தேன். வெளிச்சம் வட்டமாத் தெரிஞ்சுது. அப்புடித்தான் நெனப்பு இருக்குது. ஆனா நீங்க சேறுங்கறீங்க. நெம்ப அடிபட்டா நெனப்பெல்லாம் மாறிப்போகும்னு நர்ஸம்மா சொல்லுது. அப்ப நான் பாக்கலியோ என்னமோ.”

இங்கே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், “மாப்ள” என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் போன் அடித்தது. வண்டி ஓட்டும்போது போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் பேசும்.

“ஏனுங்க, நான் டெஸ் ஊட்டுக்குப் போயி தோட்டாவ எல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன். அந்தப் புள்ள துப்பாக்கியத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரர் எடை தப்பாப் போட்டுட்டாரு, அதனாலதான் என்ற தம்பி கண்ணு போச்சுன்னு சொல்லித்தான் வாங்குனேன். வேற என்ன சொல்லி வாங்கறது? இனி நீங்க போக வேண்டாம். கேக்குதுங்களா?”

கேட்டது. இரண்டு பேருக்கும் கேட்டது.

கதிர் கழுத்தை முழுதாகத் திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். கரும்பு லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. அவனைத் தெரிந்த டிரைவர்கள் விளக்கைப் போட்டுக் காட்டினார்கள்.

பிக்கப்பை நிறுத்தியதும் அவன் வீட்டுக்குள் போகவில்லை. தகரச் சுவரைத் தொட்டுத் தொட்டு நேரே ஷெட்டுக்குப் போனான். நான் பின்னால் போனேன். டெஸ்ஸிடமிருந்து வாங்கி வந்த தோட்டாக்களைக் கோகிலா மேசை மேல் வைத்திருந்தாள். அந்த மேசையை அவள் தொட்டது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் காய்ந்துபோன சந்தனப் பொருக்கு, மேலே குங்குமம்.

“விஜயதசமியன்னிக்குக் கூட்டும்போது மேசைக்குக் கீழ கெடந்துச்சு,” என்றாள் கோகிலா. “சாமி சந்தனம், மிதிபடக்கூடாதுன்னு எடுத்துச் சாமி மாடத்துல வெச்சேன். எதுலிருந்து உழுந்துச்சுன்னு அப்பத் தெரியல. நேத்து நீங்க அந்தத் தட்டப் பாத்துக்கிட்டு நின்னதப் பாத்துத்தான் தெரிஞ்சுது. நீங்களாச் சொல்லுவீங்கன்னு காலைல வரைக்கும் இருந்தேன்.”

கதிருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க வேண்டியது நான். பொட்டு ஒட்டியிருந்தபோது முள்ளை நடுவில் நிறுத்தினேன். காபிக்குப் போய் வந்த நேரத்தில் பொட்டு காய்ந்து விழுந்திருக்கிறது. தட்டு இலேசாகிவிட்டது. அந்தக் குறைவை நான் மருந்தைப் போட்டு நிரப்பினேன், ஏற்கெனவே உச்சத்தில் இருந்த அளவுக்கு மேல், ஒவ்வொரு கூட்டிலும். தராசு சொன்னதை நம்பினேன், எடைக்கல்லை வைத்துக் கேட்கவில்லை. போலீசுக்கு முதல் பெட்டியைக் கொடுத்ததையும் சொன்னேன். நேற்றுத் திருகைத் திருகியதையும் சொன்னேன்.

அவன் அழுவான், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அத வெச்சுக் காட்டுங்க,” என்றான்.

பொருக்கை எடுத்துத் தட்டில் வைத்தேன். தட்டு இறங்கியது. முள் நடுவுக்கு வரும் வரை, தராசுத் தண்டில் நகரும் எடைக்காயைத் தள்ளினேன். கோடுகள் எனக்குக் கலங்கலாகத் தெரிந்தன.

“எவ்வளவு?” என்றான்.

“படிக்கற கண்ணாடி ஊட்டுக்குள்ள இருக்குது,” என்றேன்.

கதிர் மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்தான். தூரம் இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை, நெற்றி தராசில் இடிக்கப் பார்த்தது. கோகிலா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட பக்கத்தை ஒதுக்கி, இடது கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய் மெல்ல வாசித்தான்.

“ரெண்டு கிரெயின்.”

எங்கள் ஊர்க் குண்டுமணி ஒன்றின் எடை.

அவன் நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான்.

“நான் கொழாய்க்குள்ள பாத்தேன்க்கா. வெளிச்சம் வட்டமாத் தெரிஞ்சுது. நான் செரியாத்தான் பாத்தேன்.”